கூடாரத்துக்குள் பூஞ்சை

திருமுல்லைவாயில், வியாழன் இரவு.

மேல்வீட்டு மும்தாஜ் மாலையில் ஒரு தட்டோடு வந்தாள். அறைக்குள் பிளாஸ்டிக் கூடாரம் போட்டு, ஹோட்டலுக்கு விற்க அவள் வளர்த்த லெட்டூஸ் கீரை முழுவதும் பூஞ்சை பிடித்திருந்தது.

விதைத்த அன்று ஈரப்பதம் பற்றி என்னிடம்தான் கேட்டாள். "கூடாரம் இட்லிப் பானை மாதிரி. ஆவி போகக் கூடாது, ஜிப்பைத் திறக்காதே" என்றேன். உதாரணம் எனக்கே பிடித்துப்போயிற்று. முளைத்த செடிக்குக் காற்றோட்டம் வேண்டும் என்பதை யோசிக்கவே இல்லை.

"என் மேலதான் தப்பு டீச்சர். ஒருவாட்டி ஜிப்ப தொறந்துட்டேன். எங்க ஊட்டுக்காரரு, 'இன்னாமே, இட்லி வெந்துச்சா'ன்னு ஓட்டுறாரு. அடுத்த தட்டும் கெட்டா ஹோட்டல்காரரு வேற ஆளப் பாத்துப்பாரு."

தட்டைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும், "பரவாயில்லை, இந்த முறை திறக்காதே" என்றேன். தப்பை ஒத்துக்கொள்ளக் கூச்சப்படாதே என்று எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன்.

புதுத் தட்டில் முளை வந்துவிட்டதாம். அதையும் மூடித்தான் வைத்திருப்பாள். விடிந்ததும் சொல்லலாம் என்று இந்த டைரியில் எழுதி, அந்த வரியை அடித்துவிட்டேன். மாடியில் இன்னும் பேச்சுக் குரல் கேட்கிறது. இப்போதே மேலே போகிறேன்.