பின் அச்சுக்கு நான் சொன்ன பல்லுக் கணக்கு

பவளராணிக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளும். எழுபத்தொரு வயதில் எழுதப் பழகிய கை. உம்முடைய முழங்கால் வலி எப்படி? நான் நல்ல சுகம்.

நம் மகன் டெனிஸ்ரனின் கராஜுக்கு ஹென்னிங் என்பவர் தன் பழைய அமெரிக்கக் காரைக் கொண்டுவந்தார். பெரிய எஞ்சின். பின் அச்சுக்கு 41க்கு 10 பல்லுச் சக்கரமும் சின்னச் சில்லும் போட்டால் சீறிப் பாயும் என்றான் மகன். நெடுஞ்சாலையில் எஞ்சின் கத்தும், 39க்கு 12 பல்லும் பெரிய சில்லும் போடு என்றேன் நான்.

"அப்பா, நீங்கள் லொறி திருத்தின ஆள். இது வேற."

"லொறிச் சில்லும் வட்டம்தானடா."

அவன் சொன்னதையே பூட்டினார்கள். நான் சில்லில் சோக்கால் கோடு போட்டு, ஒரு சுற்று உருட்டி அளந்து, மணிக்கு நூற்றுப்பத்து கிலோமீற்றரில் எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றும் என்ற கணக்கைத் தாளில் எழுதினேன். கீழே கைநாட்டு அல்ல, என் பெயர். சுவரில் ஒட்டிவிட்டேன்.

ஓடிப் பார்க்க மூவரும் போனோம். நூற்றுப்பத்தில் எஞ்சின் போட்ட சத்தத்தில் ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்கவில்லை. பயப்பட வேண்டாம், ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வந்ததும் மகன் சுவரடியில் நின்று என் தாளை இரண்டு முறை வாசித்தான்.

"சரியப்பா, கழட்டுவம்," என்றான்.

இதைப் போனிலும் சொல்லலாம். ஆனால் கொழும்பில் லொறி திருத்திய காலம் முதல் என் கடிதங்களை வேறு ஆட்களே எழுதித் தந்தார்கள். அவர்கள் முன்னால் சில சொற்களைச் சொல்ல எனக்கு வெட்கம்.

மிளகாய்த்தூளோடு உம்முடைய படம் ஒன்றும் அனுப்பும். பதிலை வழக்கம்போல மேர்சியிடம் எழுதக் கொடுக்காமல் நீரே எழுதும். மகன் சாப்பிடக் கூப்பிடுகிறான். யார் சிரித்தாலும் அடுத்த கிழமையும் எழுதுவேன், என் அன்பே.

சூசைமுத்து
(நானே எழுதியது)