மேகம் பார்க்கும் கண்ணாடி

என் சின்னக்குட்டிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் இங்கே சுகம், அவளுக்கு முழங்கால் வலி மட்டும் படி ஏறும்போது வருகிறது, பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டால் போய்விடுகிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு மூடிக்கொண்டு, நல்லபடியாக இருப்பாய் என்று மனசைத் தேற்றிக்கொண்டு பேனாவைத் திறக்கிறேன். போன் இருக்கும்போது பேனா எதற்கு என்று கேட்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீ சொல்லி முடித்துவிடுகிறாய், தாளில் குறுக்கே பேச ஆள் கிடையாது. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் டீ ஆறி ஆடை கட்டிவிடுகிறது, ஆனாலும் என்ன சுகம் சின்னக்குட்டி இது! இத்தனை வயசுக்கு மேல் ‘ஐ’ என்ற எழுத்தைச் சுழித்துச் சுழித்துக் கீழே கொண்டுவந்து நிறுத்தும்போது, ஏதோ பெரிய கப்பலைக் கரையில் கட்டினாற்போல இருக்கிறது. உன் அம்மா பார்த்துவிட்டு, ஒரு எழுத்துக்கு இவ்வளவு மூச்சு வாங்குறீங்களே, முழுக் கடிதாசிக்கு ஆக்சிஜன் சொல்லட்டுமா என்கிறாள். சொல்லட்டும்.

அந்தக் கண்ணாடி விவகாரம் என்ன ஆயிற்று என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய், நானும் மழுப்பிக்கொண்டே இருந்தேன், இப்போது முழுசாகச் சொல்கிறேன். நீ போனில் திறந்து கொடுத்த கடையில் நானே என் கையால் விவரம் எழுதிப் போட்ட முதல் சரக்கு அது. மரச் சட்டம் போட்ட கண்ணாடி, சட்டத்தை நான்தான் இழைத்தேன், ரசம் ஒரு பொட்டுக்கூடப் போகாத நல்ல கண்ணாடி. நிறுத்தி வைத்துப் படம் எடுத்தால் அதற்குள் போனும் கையுமாக நானே நிற்கிறேன், எந்தப் பக்கம் ஒதுங்கினாலும் என் மூக்காவது வந்துவிடுகிறது. அதனால் மொட்டை மாடியில் மல்லாக்கப் படுக்க வைத்து, ஓரமாக நின்று எடுத்தேன். பிறகு திரையில் விரலால் எழுதினேன், எழுதினால் அதுவே அச்செழுத்தாக மாறிக்கொள்கிறதே, அதில். உனக்குச் சொல்லாமல் போட்டு உன்னை அசத்த வேண்டும் என்று ஆசை. ஒரு தையல்கார அம்மா உடனே வாங்கினார், நானும் வைக்கோல் சுற்றி அட்டைப் பெட்டியில் கட்டி அனுப்பினேன், ஒரு கீறல் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. அப்புறம்தான் பணம் வாங்கித் தரும் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது, வாங்கியவர் புகார் கொடுத்திருக்கிறார், விவரத்தில் சொன்னது கண்ணாடியில் தெரியவில்லை என்கிறார், விசாரித்தோம், அவர் சொல்வதே சரி, பணம் அவருக்கே திரும்பும் என்று. அதோடு விடவில்லை. நம் கடைப் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு குறி போட்டு, தவறான தகவல் தந்து விற்றவர் என்று எழுதிவிட்டார்கள்.

விட்டுத் தொலைங்கப்பா, அந்தக் கடையை மூடிட்டு என் பேர்ல வேற திறந்து தர்றேன் என்று நீ சொன்னாய். உன் நல்ல மனசு எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கடைக்கு என் பெயரை நானே எழுதினேன் சின்னக்குட்டி. வாழ்நாள் பூராவும் கட்டைவிரலை மையில் தோய்த்தவன், இப்போதுதான் என் பெயர் எப்படி இருக்கும் என்று பார்க்கிறேன், பக்கத்திலேயே இப்படி ஒரு சொல் வந்து உட்கார்ந்தால் எப்படி? பணம் போனால் போகட்டும், அந்தச் சொல் போக வேண்டும். அப்பீல் செய்ய ஒரே ஒரு வாய்ப்பு உண்டு என்று போட்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில், கண்ணாடியில் முகம் தெரியவில்லை என்றால் கோளாறு கண்ணாடியில் இல்லை, எதிரே நிற்பவருக்கு முகம் இருக்கிறதா என்று விசாரியுங்கள் என்று எழுதி வைத்தேன். உன் அம்மா படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்து, சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி நீங்க என்ன எழுதினீங்கன்னு ஒரு தடவை பாத்துட்டுப் போங்க என்றாள்.

பார்த்தேன். எழுதியபோது எழுதினேனே தவிர, எழுதியதை அதுவரை நான் படித்ததே இல்லை. எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். மே. க. ம். மேகம் பார்க்கும் கண்ணாடி. மறுபடியும் கூட்டினேன், மறுபடியும் மேகம்தான். அந்த வாரம்தான் சாயங்கால வகுப்பில் கொம்பு சொல்லிக் கொடுத்திருந்தார்கள், எனக்குக் கொம்பு மேல் ஒரே மயக்கம், பார்த்த எழுத்துக்கெல்லாம் முன்னால் கொம்பு வைத்துக்கொண்டு திரிந்தேன். முகம் என்று எழுத வேண்டிய இடத்தில் ‘மு’வுக்கும் வைத்துவிட்டேன், போன் அதை ‘மே’ என்று எடுத்துக்கொண்டது. கூடவே படத்தில் வேறு, மாடி வானம் முழுக்க வெள்ளை வெள்ளையாக அந்தச் சட்டத்துக்குள் மிதந்துகொண்டிருக்கிறது! உன் அம்மா, பாவங்க அந்தம்மா, மேகம் வரும் வரும்னு எத்தனை நாள் காத்துக்கிட்டு இருந்துச்சோ என்றாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனால் உன்னிடம் மறைப்பானேன், உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. நான் எழுதியதை ஒருவர் அப்படியே நம்பியிருக்கிறார். என் கையெழுத்தில் ஒரு மேகம் கிளம்பி இன்னொருவர் வீடு வரைக்கும் போயிருக்கிறது. பட்டறையில் மீதம் கிடந்த ஒரு கண்ணாடியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்ப் படுக்க வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேகங்கள் ஒரு விளிம்பில் ஏறி மறு விளிம்பில் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தன, சத்தமே இல்லை, காலுக்கடியில் ஒரு வானம் ஓடுகிறது, குனிந்தால் உள்ளே விழுந்துவிடுவேனோ என்று இருந்தது. இத்தனை காலம் கண்ணாடி வெட்டி, எல்லாருடைய மூஞ்சியையும் அதில் பார்த்திருக்கிறேன், இது ஒன்றைப் பார்க்கவே இல்லையே. உன் அம்மா கீழேயிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனாள்.

மறுநாள் அப்பீலை வேறு மாதிரி எழுதினேன். நான் எழுதியது பிழை, அந்த அம்மா சொன்னது சரி, பணத்தை அவருக்கே கொடுத்துவிடுங்கள், ஆனால் பிழை வேறு, பொய் வேறு, நான் எழுதப் பழகிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது, கொம்பை இடம் மாற்றி வைத்தேனே தவிர யாரையும் ஏமாற்றுவதற்காக வைக்கவில்லை, ஆகவே சிவப்புக் குறியில் உள்ள சொல்லை எழுத்துப் பிழை விட்டவர் என்று திருத்திக் கொடுங்கள், அதை நான் சந்தோஷமாக வைத்துக்கொள்கிறேன் என்று. அந்த அம்மாவுக்கும் தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அவர் பதில் போட்டார். தெரு மட்டத்துக்குக் கீழே இருக்கும் அறையில்தான் அவருக்குத் தையல் வேலை, தலைக்கு மேலே ஒரு சின்ன ஜன்னல், அதில் நாள் பூராவும் போகிறவர் வருகிறவர் செருப்புதான் தெரியுமாம். வானம் பார்க்கலாம்னு ஆசையா வாங்கிச் சுவர்ல மாட்டினேங்க ஐயா, என் மூஞ்சிதான் தெரியுது, அதை நான் பார்க்காததா என்று எழுதியிருந்தார். நான் யோசித்தேன். கண்ணாடியைச் சுவரிலிருந்து இறக்குங்கள், ஜன்னலுக்கு நேர் கீழே மேசையில் மல்லாக்கப் போடுங்கள், நீங்கள் ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள், ஜன்னல் பக்கத்து விளிம்புக்கு அடியில் ஒரு ஆப்பு வைக்கிறேன் என்று எழுதப் போனேன். உன் அம்மா பேனாவைப் பிடித்துக்கொண்டாள், ஆப்பு வைக்கிறேன்னு எழுதினா இன்னொரு புகார் வரும், மரத்துண்டுன்னு எழுதுங்க என்று. மரத்துண்டு என்று எழுதி, ஒன்றை இழைத்தும் அனுப்பினேன்.

சில நாள் ஒரு தகவலும் இல்லை. அப்புறம் அந்த அம்மாவிடமிருந்து வந்தது. முதல் நாள் வெறும் வெளுப்புதான் தெரிந்ததாம், சரி இதுவும் போச்சு என்று துணி வெட்ட உட்கார்ந்தாராம். மறுநாள் மத்தியானம் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் ஏதோ அசைவதுபோல இருக்க, திரும்பிப் பார்த்தால் கண்ணாடிக்குள் ஒரு மேகம். அளவு நாடா கிடக்கும் வரைக்கும் மெதுவாக நகர்ந்து போனதாம், அது போய் முடியும்வரை தையல் மெஷினை மிதிக்கவே இல்லையாம். புகாரை எடுத்துட்டேன், கண்ணாடியைத் திருப்பிக் கேட்டுடாதீங்க ஐயா என்று எழுதியிருந்தார். அந்த வரியை நான் படித்தேன், உன் அம்மாவைப் படிக்கச் சொன்னேன், மறுபடியும் நானே வாங்கிப் படித்தேன்.

முந்தாநாள் கம்பெனியிலிருந்து முடிவு வந்தது. வாங்கியவர் புகாரைத் திரும்பப் பெற்றார், முந்தைய தீர்மானம் ரத்து, சிவப்புக் குறி முழுசாக நீக்கப்பட்டது. என் பெயர் இப்போது துடைத்துவைத்த கண்ணாடி மாதிரி தனியாக நிற்கிறது, நீயும் திறந்து பார். அந்த முடிவுக்குக் கீழேயே, கம்பெனியில் என் அப்பீலைப் பார்த்த பெண் தனியாக ஒரு சேதி போட்டிருந்தது. இது ஆபீஸ் விஷயம் இல்லீங்க ஐயா, நானாத்தான் கேக்கறேன், எங்க ஹால்ல ஒரு ஜன்னல்கூடக் கிடையாது, காலையில வந்தா இருட்டினப்புறம்தான் வெளியே போறோம், எனக்கும் ஒரு மேகக் கண்ணாடி செஞ்சு தருவீங்களா என்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே நல்ல கண்ணாடியாகப் பார்த்து அளவெடுக்கப் போய்விட்டேன், வெட்டும் வைரமுனையைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். அப்போதுதான் உறைத்தது. ஜன்னல் இல்லாத அறையில் எந்த மேகம் வரும்? நேற்று முழுக்க உட்கார்ந்து அந்தப் பெண்ணுக்குப் பதில் எழுதினேன். அம்மா, ஜன்னல் இல்லாத இடத்தில் நான் எத்தனை கண்ணாடி வைத்தாலும் மேகம் தெரியாது, குழல் விளக்குதான் தெரியும், அதனால் உங்களுக்கு இதை விற்க மாட்டேன், மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் வெளியே வந்து நில்லுங்கள், அண்ணாந்து பாருங்கள், அதற்கு என் கண்ணாடி வேண்டாம் என்று. உன் அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, வீடு தேடி வர்ற வியாபாரத்தைத் திருப்பி அனுப்புற ஆளை இப்பத்தான் பாக்கறேன் என்றாள். என்றவள், எழுத்தெழுத்தாக விரல் வைத்துச் சரிபார்த்து, ஒரு பிழையும் இல்லை, அனுப்புங்க என்று அவளே பொத்தானை அமுக்கினாள்.

எல்லா நலமும் உன்னைத் தேடி வந்து சேரட்டும், நோய் நொடி இல்லாமல், மனசு நிறைந்து, நீண்ட காலம் நன்றாக இரு கண்ணே. இரவு வேலை முடிந்து வரும்போது தனியாக வராதே, யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொள். பல் வலி என்றாயே, டாக்டரிடம் போனாயா இல்லையா, இதற்கு மட்டும் மழுப்பாமல் பதில் போடு.

உன் வரவை எண்ணி மகிழும்,
அப்பா
(இந்தக் கையெழுத்து நான் போட்டதுதான், உன் அம்மா இல்லை)