சட்டை போடாத பொடியைச் சோதிக்கக் கோரி

அனுப்புநர்:
பொடி ஆலையின் மூட்டை நிரப்பும் பிரிவில் வேலை பார்த்து இறந்தவரின் கணவர்,
தையற்கடை, ஆலைச் சாலை.

பெறுநர்:
தொழிலகப் பாதுகாப்பு இயக்குநர் அவர்கள்.

பொருள்: என் மனைவி சுவாசித்த சிலிக்கா பொடியைப் பரிசோதிக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: "பொடி தீங்கற்றது" என்ற தங்கள் அலுவலகப் பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஆலையின் சிலிக்கா முன்பே சோதிக்கப்பட்டது, உயிரணுக்களுக்குத் தீங்கில்லை, ஆகவே என் மனைவியின் நுரையீரல் கெட்டதற்கும் ஆலைக்கும் சம்பந்தமில்லை என்று எழுதியிருந்தீர்கள். சோதித்தது உண்மைதான். ஆனால் சோதித்தது வேறு பொடி.

1. அந்த ஆலை பெயிண்டில் கலக்கும் சிலிக்கா நுண்பொடியைத் தயாரிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள்களின் மேல் முன்பு ஒரு ரசாயனப் பூச்சு ஏற்றுவார்கள். தையற்காரன் பெண்டாட்டி அல்லவா, என் மனைவி அதற்குச் "சட்டை போட்ட பொடி" என்று பெயர் வைத்தாள். பிரிவில் எல்லோரும் அப்படியே சொல்லத் தொடங்கினார்கள்.

2. சென்ற ஆண்டு பூச்சு இயந்திரம் பழுதானது. அதைச் சரிசெய்யாமல் வெறும் பொடியையே மூட்டை கட்டினார்கள். சாக்கில் பெயர் மாறவில்லை. "இன்னைக்கும் பொடி சட்டை போடாமதாங்க வந்துச்சு, வெக்கங்கெட்டது" என்று வீட்டுக்கு வந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன். எங்கள் வீட்டில் துணி துவைப்பவன் நான். முன்பெல்லாம் அவள் உடையிலிருந்த பொடி வாளித் தண்ணீரில் நனையாமல் மிதக்கும். பிறகு வந்தது நனைந்து அடியில் படிந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே இருமல் எப்போது நுழைந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

3. இதைச் சொன்னதும் அவளுக்குச் சிகிச்சை அளித்த நுரையீரல் மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். துகளின் பெயரும் அளவும் ஒன்றாக இருந்தாலும், மேற்பரப்பு மாறினால் நச்சுத்தன்மையும் மாறலாம். பூச்சில்லாத துகள் உயிரணுவின் மெல்லிய உறையில் ஒட்டி அதைச் சிதைக்கக்கூடும் என்றார். இந்தப் பொடியைச் சோதிக்காமல் எதையும் எழுதித்தர முடியாது என்றும் சொன்னார். ஆலை மாதிரி தர மறுக்கிறது.

4. சிலிக்கா என்றால் சிலிக்காதான் என்று தங்கள் அதிகாரி கூறினார். துணி என்றால் துணிதான் என்று நான் தைத்தால் ஒருவரும் என் கடைப் படி ஏறமாட்டார்கள்.

5. அவள் நின்ற இயந்திரத்தில் இப்போது என் மைத்துனி நிற்கிறாள். "அக்கா போனது அந்தப் பொடியாலதான்னு யாராவது சொல்லட்டும் மாமா, நாளைக்கே வேலையை விட்டு நின்னுடுறேன்" என்கிறாள். சொல்ல வேண்டியவர் தாங்கள்தான்.

6. ஆலை தராத மாதிரியை நான் அனுப்புகிறேன். அவள் கடைசியாக வேலைக்கு அணிந்த மேற்சட்டை இத்துடன் உள்ளது. துவைக்க மனம் வரவில்லை. மடித்த கையிலும் பையிலும் பொடி தங்கியிருக்கிறது, அங்கே வெட்டிக்கொள்ளுங்கள். கழுத்துப்பட்டியில் மட்டும் கத்தரி வைக்க வேண்டாம். அவள் வாசம் அங்கேதான் மிச்சமிருக்கிறது.

சோதித்து, முடிவை என் மைத்துனிக்குத் தெரிவித்து, மீதித் துணியை எனக்குத் திருப்பித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். வெட்டிய இடத்தை நானே ஒட்டுப்போட்டுக்கொள்கிறேன்.

இடம்: ஆலைச் சாலை
நாள்: அவள் பிறந்தநாள்

இப்படிக்கு,
(கையொப்பம்)
தையற்காரர்