காதோரத்து ஜிகினா

என் சுண்டெலி,

நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். இங்கே என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசைப் பற்றிக் கேட்காதே. அப்பாவின் செருப்பை இன்னும் வாசலிலிருந்து எடுக்கவில்லை, குனிந்தால் முதுகு பிடிக்கிறது என்று எனக்கே பொய் சொல்லிக்கொள்கிறேன். இதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய பெட்டி வந்தது. விடுமுறைக்கு நான் வரும்போது ஜன்னலெல்லாம் மின்னணும், சும்மா சுவத்தப் பாத்துட்டு உட்காராதம்மா என்று அதட்டினாயே, அதற்காகத்தான் பிரித்தேன். மூன்று வகை ஜிகினாவையும் அட்டைப் பூக்களில் ஒட்டிப் பார்த்தேன். குழாயில் வரும் ஜிகினாப் பசை தேவலை, ஆனால் அது காய்வதற்குள் நமக்கு வயசாகிவிடும். ஸ்ப்ரேயை இனிமேல் அனுப்பாதே, பூவில் பட்டதைவிட அடுப்பு மேடையில் பட்டதுதான் அதிகம், நாற்றம் வேறு தலையைப் பிளக்கிறது. தூள்தான் அழகு. முட்டை அட்டையின் குழிகளைப் பூவாக வெட்டி, கோந்து தடவி, ஈரமாக இருக்கும்போதே தூவி, பேப்பர்மேல் தட்டினால் மிச்சம் உதிர்ந்துவிடும், மறுபடி டப்பாவில் கொட்டிக்கொள்ளலாம். அப்படித் தட்டும்போது தும்மிவிட்டேன், அவ்வளவும் என் மேலேயே. கண்ணாடியில் பார்த்தால் சர்க்கஸ்காரி மாதிரி இருந்தேன். சிரித்துவிட்டேன்டி. அப்பா போன பிறகு என் சிரிப்புச் சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டேன், உடனே எதையோ திருடினவள் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டேன்.

தலைக்கு ஊற்றிக் குளித்தேன், எல்லாம் போய்விட்டது என்று நினைத்து மறுநாள் வேலைக்குப் போனேன். எங்கள் சலவைக்கூடத்துத் துணிதான் ஆஸ்பத்திரி முழுக்கப் போகிறது, நான் நிற்பது ஆபரேஷன் துணி மடிக்கும் மேஜையில், உனக்குத் தெரியும். மதியம் ஒரு கட்டு திரும்பி வந்தது. பிரித்த நர்ஸ் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாளாம், துணியில் ஜிகினா மினுங்கியதாம். இது ஒருத்தர் வயித்துக்குள்ள விழுந்தா யார் பதில் சொல்றது என்று சூப்பர்வைசர் கத்தினார், நியாயமான கத்தல்தான். என்னை யாரும் பார்க்கவில்லை, புருஷனைப் பறிகொடுத்தவளை யார் சந்தேகப்படுவார்கள். எல்லார் கண்ணும் என் பக்கத்தில் மடிக்கும் பெண்மேல் போயிற்று. புதிதாக வந்தவள், இமையில் பளபளவென்று எதையோ தடவிக்கொண்டு வருவாள், அதனால் அவளை மின்மினி என்போம். நீ வேலைக்கு வந்தியா, கல்யாணத்துக்கு வந்தியா என்று ஒருத்தி நக்கலடிக்க மற்றவர்கள் சிரித்தார்கள். இது என்னோடது இல்ல சார் என்று மின்மினி ஒரு தடவை சொன்னாள், அப்புறம் வாயே திறக்கவில்லை.

அப்பா படுத்திருந்தபோது என் முறை வேலையையும் சேர்த்துப் பார்த்தவர்கள் இவர்கள்தான், வீட்டுக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர்களும் இவர்கள்தான், அவர்களிடம் நான் பூ ஒட்டிச் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது என்று கூசிக்கொண்டு, என் பழியை இன்னொருத்தி சுமப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்குப் போ, மேல பேசிட்டு உனக்கு வேலை இருக்கா இல்லையான்னு சொல்றேன் என்று சூப்பர்வைசர் அவளை அனுப்பிவிட்டார். பையை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டும்போது, அக்கா, உங்க காதுக்குப் பின்னாடி ஒண்ணு ஒட்டியிருக்கு, யாரும் பாக்குறதுக்குள்ள தொடச்சுக்கோங்க என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நானும் துடைத்துக்கொண்டேன் பார்.

நாளைக் காலையில் துணியில் கை வைப்பதற்கு முன் சொல்லிவிடப் போகிறேன், தனியாகக் கூப்பிட்டு இல்லை, எல்லார் முன்னாலும். அவள் பேச்சு வாங்கியது எல்லார் முன்னாலும்தானே. என் வேலை போனால் போகட்டும், என்னோட வந்து இரும்மா என்று நீ உடனே ஆரம்பிக்காதே. பூக்களைத் தூக்கி எறியவில்லை, பெட்டியில் போட்டு மூடியிருக்கிறேன், நீ வந்து ஜன்னலில் கட்டிக்கொள். ஈரத் தலையோடு வெளியே போகாதே, மாப்பிள்ளையிடம் வெடுக்கென்று பேசாதே. இந்தக் காகிதத்திலும் ஜிகினா ஒட்டியிருக்கும், படித்த கையைக் கண்ணில் வைக்காதே. நீங்கள் இரண்டு பேரும் என் ஆயுசையும் சேர்த்து வாங்கிக்கொண்டு நன்றாக இருங்கள்.

உன் அம்மா

கையெழுத்துப் போட்டு முடித்தும் ஒன்று மனசை அறுக்கிறது. என் காதோரத்தில் இருந்ததை அவள் எப்போதடி பார்த்தாள், வெளியே போகும்போதுதானா, இல்லை, எல்லாரும் அவளைப் பேசிக்கொண்டிருந்தபோதேவா?