முழங்கால் மருந்தும் ஹைட்ரஜன் விமானமும்

மார்ச் 9
மூத்த பேரன் கணக்கில் முதல் மதிப்பெண். அடுத்தவன் நீச்சலில் கோப்பை. சின்னப் பேத்தி மேடையேறிப் பேசினாள், பிறகு இறங்க மறுத்தாள்; அதுவும் வெற்றிதான். எல்லாருக்கும் மேலே என் மூத்த பேத்தி. ஒன்பது பேர் போகிற விமானத்துக்கு எண்ணெயே இல்லாத இயந்திரம் செய்கிறாள். ஹைட்ரஜன் வாயுவிலிருந்து மின்சாரம், அதில் மோட்டார், அதில் விசிறி. புகைக்குப் பதில் தண்ணீர் வருமாம்.

எதிர்வீட்டுத் தையல்காரி, “தண்ணி ஊத்தினா ப்ளேன் பறக்குமா?” என்று சிரித்தாள்.

“உள்ள ஊத்தறது இல்லடி, வெளிய வர்றது” என்றேன். ஐந்தாம் வகுப்புதான் நான். எனக்குப் புரிந்தது, அவளுக்குப் புரியவில்லை.

நாளை வீட்டாருக்கும் விமானம் நிற்கிற கொட்டகையைக் காட்டுகிறார்களாம். பரிசோதனை அதிகாரியும் வருகிறார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் முதல் தடவையாகப் பறக்கும். “இந்த முட்டிய வச்சிக்கிட்டு எதுக்கும்மா?” என்கிறான் மகன். போவேன்.

மார்ச் 10
விமானத்தின் மூக்கருகே எனக்கு நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, சிவப்பு விளக்கு, அபாய மணி. எல்லாரும் வெளியே ஓட்டம். பேத்தி மட்டும் வால்வை மூடிவிட்டுத்தான் வந்தாள்.

அதிகாரி சொன்னார்: “வாயு கசியுது. காரணம் தெரியாம பறக்க விடமாட்டேன்.”

மார்ச் 12
இரண்டு நாளாகக் குழாய் குழாயாகப் பார்த்தாகிவிட்டது. எங்கும் கசிவு இல்லை. போனில் அவள் குரலே சரியில்லை. “கசிவு இருந்தா அடைச்சிடலாம் பாட்டி. இல்லாத கசிவ எப்படி அடைக்கறது?” சனிக்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் அவள் இயந்திரத்தைக் கழற்றி ஓரம் வைத்துவிடுவார்களாம். நாலு வருஷ உழைப்பு.

மார்ச் 13
காலையில் முட்டி வலி. மருந்தை ‘புஸ்’ என்று அடித்தேன். ஸ்பிரிட் வாசனை. குப்பியை மூடப்போன கை அப்படியே நின்றுவிட்டது.

அன்றைக்கும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அடித்தேனே! கொட்டகை வாசலில் சென்ட், தீப்பெட்டி, போன் எல்லாம் வாங்கி வைத்தார்கள். மருந்தை யாராவது கொடுப்பார்களா? பையிலேயே வைத்திருந்தேன்.

மகன், “வெளிய சொல்லாதம்மா, அவளுக்குத்தான் அவமானம்” என்கிறான். அவமானமாவது ஒன்றாவது! செய்தது நான். சொல்வதும் நான்தான்.

மார்ச் 14
பஸ்ஸில் இரண்டு மணி நேரம். குப்பியை வாசலிலேயே ஒப்படைத்தேன்.

“பாட்டிம்மா, இது விளையாட்டு இல்ல” என்றார் அதிகாரி.

“நானும் விளையாட வரல சார். அன்னிக்கு மணி அடிச்சுதே, வாயு மோப்பம் பிடிக்கற அந்தக் கருவியத் தனியா எடுத்து வைங்க. இத அடிச்சுப் பாருங்க.”

வாயுவே இல்லாத வேறு அறையில் கருவியை மேசைமேல் வைத்து, அவரே அடித்தார். மூன்று எண்ணுவதற்குள் மணி. அவர் மறுபடியும் அடித்தார். மறுபடியும் மணி.

பேத்தி என்னை முறைத்தாள். “வாசல்லயே ஏன் பாட்டி குடுக்கல?”

“தப்புதான்டி கண்ணு. ஆனா உன் குழாய்ல ஓட்டை இல்ல, பாத்தியா?”

ஸ்பிரிட்டுக்கு ஏமாறாத கருவியை மாட்டி, எல்லாவற்றையும் முதலிலிருந்து காட்டச் சொல்லியிருக்கிறார் அதிகாரி. காட்டுவாள்.

மார்ச் 15
பேத்தி போன் செய்யவில்லை. தப்பு என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். இன்னொரு தடவை சொல்வேனா? — மாட்டேன்.

மார்ச் 21
அவளே கூப்பிட்டாள். கொட்டகை வாசலில் புதுப் பலகை வைத்திருக்கிறாளாம்: ‘சென்ட், தீப்பெட்டி, போன், பாட்டிமாரின் மருந்து — உள்ளே அனுமதி இல்லை.’ வைக்கட்டும். என்னால் ஒரு சட்டமே வந்திருக்கிறது.

ஏப்ரல் 6
விமானம் பறந்தது பதினொரு நிமிஷம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எண்ணினேன். அது இறங்கியதும் அடியில் சொட்டிய தண்ணீரை ஒரு சின்னப் புட்டியில் பிடித்துக் கொடுத்தாள் பேத்தி. தையல்காரியின் மேசைமேல் கொண்டுபோய் வைத்தேன்.

வீட்டுச் சுவரில் இருந்த பேத்தியின் பட்டமளிப்புப் படத்தைக் கழற்றிவிட்டேன். விமானத்தோடு நிற்கிற படம் ஒன்றைத் தபாலில் அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறேன். போனில் அனுப்பினால் ஆணியில் எப்படி மாட்டுவது?