கரி பூசாத கடைசிப் படலம்

பருவத்தே மழை பெய்க. பருவம் தப்பாது வெயிலும் காய்க. உப்பளங்கள் வெளுத்து விளைக.

முப்புறமும் கடலே மதிலாகக் கொண்ட தென்முகில் நாட்டை ஆளும் பெருங்கோ முகில்வண்ணர் ஆணை தலைமேற்கொண்டு, அவர்தம் பேரமைச்சர் அளவாய் எயினனார், பொழிலூர்க் கலைமன்றத் தலைவர் புலவர் ஏறு நெடுஞ்சேந்தனார்க்கு விடுக்கும் ஓலை. மன்றத்துக்கும் அதன் மாடங்களுக்கும் மாடத்துப் புறாக்களுக்கும் நலமே உண்டாகுக. புலவர் பெருமக்களின் நலம் இவ்வோலையின் முடிவில் விசாரிக்கப்படும்.

தாங்கள் கண்ணால் கண்டவையும் இதில் எழுதப்படுகின்றன. நாளை ஒருவரும் அறியேன் என்று கைவிரிக்கக் கூடாது என்பதே காரணம். பிறர் பேசியவை பேசியபடியே பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றைச் செந்தமிழாக்க முனைந்த, இவ்வோலையை எழுதும் ஓலைநாயகத்தின் எழுத்தாணியை அமைச்சர் பிடித்துக்கொண்டார்.

மன்றம் நடத்திய அரண்மனை எழுத்தர் தேர்வில் 'உவர்மகள் காதை' என்னும் காப்பியத்தின் முடிவு யாது என வினவப்பட்டது. மன்னனோடு பிணங்கி நாட்டைவிட்டுப் போன, உப்பு விளைக்கும் அளத்தார் திரும்பி வந்து அவன் காலில் விழுந்தனர், அவனும் மன்னித்தான் என்று தேர்வெழுதியோர் எல்லாரும் எழுதினர். துறைமுக வணிகன் மகன் நன்னாகன் ஒருவன் மட்டும், அளத்தார் திரும்பவே இல்லை, மன்னன் சாகும்வரை உப்பில்லாச் சோறு உண்டான் என்று எழுதினான். மன்றம் அவனைத் தள்ளியது. அவன் மன்றத்தின் வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி பேசினான். அதற்காக, வரும் முழுநிலா நாளில் அவனது வலக்கைக் கட்டைவிரலில் சூட்டுக்கோல் வைக்கத் தீர்ப்பும் எழுதினீர்கள். எழுத்தாணியைத் தாங்கும் விரல் அது. வெந்துபோனால் அவனுக்கு எழுத்து இல்லை.

எந்த முடிவு மெய் என்பது அமைச்சருக்கும் தெரியாது. அளத்தில் பிறந்து, உவர்நீர் தின்ற காலோடு வளர்ந்தவர் அவர். இளமையில் அக்காதையைக் கையில் எடுத்தவர், நிலவொளியில் உப்புக்குவியல் மின்னும் அழகைப் பாடும் இடம் வந்ததும் கட்டி வைத்துவிட்டார். உப்பு வாரி இடுப்பொடிந்தவன் நிலா வெளிச்சத்தில் அதைப் போய்ப் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டான் என்பது அவர் கருத்து. அக்கருத்து இன்றும் மாறவில்லை.

ஆகவே அவர் தம்மை யாரும் அறியாதபடி அமைச்சர் மேலாடையைக் களைந்துவிட்டு ஓலைக்கடைத் தெருவுக்கு நடந்தார். அங்கே பொன்னம்பி என்னும் முதியவர் கடையில், காதையைத் தேர்வுக்கென்று பிழிந்து சுருக்கிய 'கரையேற்று சுவடி' சந்தைக் கீரைபோல் விலைபோய்க்கொண்டிருந்தது. வாங்க வந்தோர் இருவர் மல்லுக்கு நின்றனர்.

"நகர்வலப் படலத்த முழுசாப் படிச்சவன் எவனாச்சும் உயிரோட இருக்கானாடா? தெருத்தெருவா மாடம் எண்ணியே கிழவனாயிடுவோம். பொன்னம்பி அண்ணாச்சி அதை நாலு வரியில முடிச்சிட்டாரு, மகராசன்."

"சோத்தை மோந்து பாத்துட்டு ஏப்பம் விடுற பய நீ. உவர்மக கடலப் பாத்து அழுவுற பாட்டு இதுல இருக்கா? அதப் படிச்சிட்டு எனக்கு ஒரு நாள் முழுக்கப் பேச்சே வரல."

"பேச்சு வராதவனுக்கு அரண்மனையில என்னடா வேல? தள்ளு, நான் வாங்கணும்."

இருவர் சொன்னதிலும் நியாயம் இருப்பதாகவே அமைச்சருக்குப் பட்டது. அங்கிருந்து அவர் மன்றத்துச் சிறைக்குச் சென்றார். நன்னாகனைப் பார்த்தவுடனே அவருக்குப் பிடிக்கவில்லை. எழுந்திருக்காமலே அவன் சொன்னது இது: "எங்க மாமா வீட்டு ஏட்டுல அப்படித்தான் இருக்கு. அந்தக் கிழங்க காப்பியத்தப் படிக்கவே இல்ல, கடைத்தெரு ஏட்டத்தான் படிச்சிருக்கு. உங்களப் பாத்தாலும் படிச்ச மூஞ்சியாத் தெரியல." விரலுக்கு மட்டுமல்லாமல் வாய்க்கும் சூடு வைத்தாலென்ன என்று அமைச்சருக்கு ஒரு கணம் தோன்றியதை மறைப்பதற்கில்லை.

ஆயினும் அவர் மன்றத்துக்கு வந்தார். ஆண்டுதோறும் மஞ்சளும் மலரும் சாத்தி வழிபடும் மூல ஏட்டைக் கொணரச் சொன்னார். அப்போது தாங்கள் சொன்னது அவர் நெஞ்சில் ஆணியாய் நிற்கிறது. "அமைச்சரே, அது படிக்கிற ஏடு இல்ல, கும்பிடுற ஏடு" என்றீர்கள்.

அமைச்சரே பட்டுக்கயிற்றை அவிழ்த்தார். முன்னைய படலங்களின் எழுத்தெல்லாம் கறுத்துத் தெளிந்திருந்தன. கடைசிப் படலத்து ஓலைகள் மட்டும் வெறிதே கிடந்தன. வெயிலில் சாய்த்துப் பிடித்தபோது கீறல் தெரிந்தது. எழுத்தாணி கீறிய எழுத்து கரி பூசினால்தான் கண்ணுக்குத் தெரியும் என்பது ஓலை தொட்ட எவரும் அறிந்தது. கீறியவன் கீறிவிட்டுப் போன நாள்முதல் அவ்வோலைகளை ஒருவரும் கரி பூசிப் படித்ததில்லை. தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தங்கள் கையாலேயே பூசச் செய்தார். எழுத்து எழுந்தது. அளத்தார் திரும்பவில்லை. மன்னன் உப்பில்லாச் சோற்றின் முன் தனியே உட்கார்ந்திருந்தான்.

பொன்னம்பியை அழைத்துக் கேட்டபோது அவர் உண்மையைச் சொன்னார். "என்கிட்ட இருந்த ஏட்டுல கடைசிய கரையான் தின்னுடுச்சு சாமி. தேர்வுக்கு வர்ற பிள்ளைங்க முடிவு என்னன்னு கேக்குதுங்க, நான் எங்க போவேன்? ராசா மனசு நோகாம நானே ஒண்ணு கட்டிவிட்டேன். தலைவரய்யாவும் அவரு தேர்வெழுதின காலத்துல என்கிட்டதானே வாங்கிட்டுப் போனாரு!"

அன்று தாங்கள் தலைகுனிந்தீர்கள். அத்தோடு விரல் பிழைத்தது என்று அமைச்சர் அரண்மனைக்குத் திரும்பினார். ஆனால் அவருக்குப் பின்னாலேயே மன்றத்தின் தீர்மானம் வந்து சேர்ந்தது. கடைசிப் படலம் பிற்காலத்தார் இடைச்செருகல் என்றும், காலில் விழும் முடிவே மரபு என்றும், நன்னாகனுக்கு விதித்த சூட்டில் மாற்றமில்லை என்றும் அதில் கண்டிருந்தது. அதைப் படித்த அமைச்சர் அளத்துச் சொல் ஒன்று சொன்னார். அச்சொல்லை மட்டும் ஓலைநாயகம் பொறிக்க மறுத்துவிட்டது.

ஆதலின் ஆணையாவது: இவ்வோலை கொணரும் வீரன் வசம் நன்னாகனைக் கட்டைவிரலோடு ஒப்படைக்க. சூட்டுக்கோலையும் உடன் கொடுத்தனுப்புக. இனி அது மன்றத்தில் இருக்கலாகாது. அவன் அரண்மனை எழுத்தனாவான். முதல் பணி அளத்தில். அவன் நாவை வெயில் கொஞ்சம் பதப்படுத்தட்டும். பொன்னம்பியின் கடை மூடப்படாது. பகலெல்லாம் சுமை தூக்கிவிட்டு வந்து இரவல் வெளிச்சத்தில் படிப்பவன் சுருக்கத்தைத்தான் படிப்பான். அவனைப் பழிக்க மாடத்தில் சாய்ந்திருப்பவர்க்கு உரிமை இல்லை. கட்டிவிட்ட முடிவு தன்னுடையது என்று பொன்னம்பி சுவடியின் தலையில் எழுதினால் போதும். அதைப் படித்துத் தேறியவர்களும் பணியில் நீடிப்பர். மன்றம் கேட்டதை அவர்கள் கொடுத்தனர்.

புலவர்களுக்கு மட்டும் விலக்கில்லை. ஒவ்வொருவரும் சந்தைத் திடலில் நின்று காதையை முதலடி தொட்டுக் கடைசியடி வரை உரக்கப் படித்து முடிக்க. முடித்தபின் நன்று என்க, சவம் என்க, இடைச்செருகல் என்க. அமைச்சர் குறுக்கே பேசமாட்டார், நிலாப் படலத்தில் அவரும் தங்களோடு திட்டுவார். படிக்காத வாய் தீர்ப்புச் சொல்லலாகாது. இன்று காலை தொடங்கி, கடைசிப் புலவர் கடைசி அடியைப் படித்து முடிக்கும்வரை, மன்றத்து மடைப்பள்ளிக்கு நாட்டின் எந்த அளத்திலிருந்தும் உப்பு வராது. அளத்தாரிடம் சொல்லியாகிவிட்டது, அவர்கள் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டனர்.

பெருங்கோவின் கயல் முத்திரையும், கடைசிப் படலத்துக் கரி தோய்ந்த அமைச்சரின் கட்டைவிரலும் கீழே பதிந்துள்ளன. இரண்டும் ஒன்றே எனக் கொள்க.

தொடக்கத்தில் நிறுத்திவைத்த நல விசாரிப்பு: இன்றைய கஞ்சி எப்படி இருந்தது, புலவரே?