ஈரலில் விழுந்த தழும்பு

என் பிரியமான அத்தானுக்கு,

நேற்று நம் வள்ளியைப் பெண் பார்க்கக் கண்டரமாணிக்கத்திலிருந்து வந்தார்கள். எல்லாம் கூடி வருகிற நேரத்தில் பையனின் அத்தை கேட்டாள்: "பொண்ணோட அப்பா ஈரல் கெட்டுத்தான் போனாகளாம்ல? ரொம்பக் குடிப்பாகளோ?"

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நகை வேலைக்குக் கை நடுங்கக் கூடாது என்று காப்பியைக்கூட ஒரு வேளைக்கு மேல் குடிக்காதவர் நீங்கள்.

காமாலை வந்தபோது கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தேன். பொன்னுக்கு மாற்றுப் பார்க்கிற கண்ணை நீங்களே கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, "மஞ்சள் போயிருச்சு, இனிமே புளி சேத்துச் சமை" என்றீர்கள். நானும் நம்பினேன். பிறகு வருடக்கணக்கில் அசதி, பசியே இல்லை. வேலை அலுப்பு என்று விட்டுவிட்டோம். வயிறு வீங்கிய பிறகுதானே மதுரைக்குப் போனோம்?

டாக்டர் முதலில் கேட்டது, "குடிப்பீங்களா?" "தொட்டதில்லைங்கய்யா" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் ஒளிந்து குடிப்பதாகத் தெருவில் பேசியதைப் பாதி நம்பியிருந்தேன், அத்தான். அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பேன்?

அவர் உங்கள் விரலில் இருந்த தீக்காயத் தழும்பைத் தொட்டுக் காட்டினார். "ஈரலும் இப்படித்தான். காமாலை வெளியே தெரியாம உள்ளேயே இருந்து புண்ணாக்கிக்கிட்டே இருக்கும். ஆற ஆறத் தழும்பு விழும். தழும்பு ஈரல் வேலையைச் செய்யாது. அது கூடிப்போனா ஈரலே இறுகிடும், ரத்தம் உள்ள போக வழியிருக்காது, வயித்துல நீர் கோக்கும். குடிக்காதவங்களுக்கும் வரும்மா." கடைசி வார்த்தையை என்னைப் பார்த்துச் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "இங்குட்டுத் திரும்பு" என்றீர்கள். என் முகத்தில் மெல்ல ஊதினீர்கள். "வாடை வருதா, பாத்துச் சொல்லு."

மருந்து வாடைதான் வந்தது. அதையாவது சொன்னேனா? அழத்தான் தெரிந்தது எனக்கு. அடுத்த மாதமே போய்விட்டீர்கள்.

நேற்று வாய் திறந்தேன். "அவுக ஒருநாளும் குடியைத் தொட்டதில்லை. பழைய காமாலை உள்ளேயே கிடந்து கொன்னுருச்சு" என்றேன். பொண்ணுக்கும் அது ஒட்டியிருக்குமோ என்று தங்களுக்குள் முணுமுணுத்தார்கள். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, "கடுதாசி போடுறோம்" என்று எழுந்துவிட்டார்கள். அந்தக் கடுதாசி வராது.

டம்ளர்களை எடுத்துக்கொண்டே வள்ளி கேட்டாள்: "இதை அப்பா உயிரோட இருக்கையில அப்பாகிட்டச் சொன்னியாம்மா?"

இல்லையே, அத்தான். இப்போது சொல்கிறேன்: குடி வாடை எதுவும் வரவில்லை. இனி நம் வாசல் ஏறுகிற ஒவ்வொருவரிடமும், அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்வேன்.

உங்கள் மாமன் மகள்,
சிவகாமி